ஆறாவது விரல்

பதிப்பகத்தின் முன்னறையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் காத்திருந்தாள். சிறுவர் நூல்களுக்குப் படம் வரைவது அவளது தொழில். எதிரே கண்ணாடி அலமாரியில் நின்றிருந்த நூல்களுள் பெரும்பாலானவை அவள் வரைந்தவை. பல் துலக்க மறுக்கும் கரடியும், பள்ளிக்குப் பிந்தி வரும் நத்தையும் அங்கிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. வழக்கமாக அவள் வந்து அமர்ந்ததும் உள்ளிருந்து தேநீர் வரும். இன்று வரவில்லை. வரவேற்பு மேசைப் பெண் கைப்பேசியைப் பார்ப்பதும், தலையைத் தூக்கி இவளைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

உள்ளே அழைத்ததும் பதிப்பாளர் புதிய நூலை விரித்து அவள் பக்கம் தள்ளினார். மழையில் நனையும் தவளைக்கு ஒரு சிறுமி சிரித்தபடி குடை பிடிக்கும் படம்.

"கை விரலை எண்ணுங்க மேடம்."

அவள் எண்ணினாள். குடைக் காம்பைப் பற்றியிருந்த கையில் கட்டைவிரலுக்குப் பின்னால் இன்னொரு கட்டைவிரல், வெட்கப்பட்டு ஒளிந்ததுபோல, பாதி தெரிந்தது.

"ஆறு" என்றாள் மெல்ல.

"அந்தப் பாப்பாவுக்கு மட்டும் என்ன, போனஸா? மொத்தமா வாங்கின பள்ளிக்கூடத்துல ஒரு அம்மா இதைப் படம் புடிச்சு எல்லாருக்கும் அனுப்பிட்டாங்க. ஆளே இல்லாம கம்ப்யூட்டரே தானாப் போட்ட படமாம். விரல் கணக்கு தப்புனா அதுதான் அடையாளமாம். புத்தகத்தைத் திருப்பி எடுத்துக்கங்கன்றாங்க."

"சார், நான் வரைஞ்சது சார். கட்டைவிரல் சரியா வரலைன்னு திருத்தினேன். பழசை அழிக்காம விட்டிருக்கேன்."

"நான் நம்பறேன். ஊரு நம்பணுமே? பென்சில்ல போட்டுப் பாத்தது ஏதாச்சும் இருக்கா?"

"நேரா கம்ப்யூட்டர்லதான் சார் போடுவேன்."

"அப்போ ஃபைல்ல லேயர் லேயரா இருக்கும்ல? காட்டுங்க."

அவள் தலை குனிந்தாள். கணினியில் வரைவோர் ஒளி ஊடுருவும் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதுபோல் வரைவர். ஒரு தாளில் கோடு, ஒன்றில் வண்ணம், மற்றொன்றில் நிழல். அத்தாள்களைக் கண்டால், படம் படிப்படியாக ஒரு மனிதக் கையில் வளர்ந்தது விளங்கும். ஆனால் அவளுடைய கணினி, அவள் கணவன் தன் அலுவலகத்தில் கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி வந்தது. தாள்கள் கூடக் கூட அது மூச்சுத் திணறி நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு பகுதியையும் முடித்தவுடன் எல்லாத் தாள்களையும் ஒன்றாக இணைத்துவிடுவது அவள் வழக்கம். அவ்வாறு இணைத்தபோதுதான் பழைய விரலும் படத்தோடு ஒட்டிக்கொண்டது.

"எல்லாத்தையும் சேத்துட்டேன் சார். சிஸ்டம் தாங்காது."

"நல்லாத் தொடச்சு வச்சிருக்கீங்க, திருடன் கைரேகையத் தொடச்ச மாதிரி" என்று பதிப்பாளர் சிரித்தார். "சரி, ஒண்ணு பண்ணுவோம். நாளைக்கு இங்க வாங்க. கேமராவுக்கு முன்னாடி இதே படத்தை வரைஞ்சு காட்டுங்க. அதை வெளிய போட்டுடலாம்."

வீட்டில் கணவன் தரையில் அமர்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். மின்தூக்கி பழுது பார்ப்பவன் அவன். கிரீஸ் கறை நகக்கண்களில் நிலைத்துவிட்டிருந்தது. அவள் நடந்ததைச் சொன்னாள்.

"நீ என்ன சர்க்கஸ்ல இருக்கியா, எல்லாரும் பாக்க வரைஞ்சு காட்ட?"

"போகலைன்னா?"

"போகாத. வேற கம்பெனியா இல்ல?"

"எந்தக் கம்பெனிங்க குடுப்பாங்க? மெஷின் போட்டதைத் தன் பேர்ல வித்தவள்னு பேர் வந்துட்டா எல்லாக் கதவும் சாத்திடுவாங்க. எனக்கு வேற என்ன வேலை தெரியும்?"

அவன் வெங்காயத்தை வைத்துவிட்டுக் கண்ணைப் புறங்கையால் துடைத்தான்.

"பழைய டப்பாவை நான்தான் தூக்கிட்டு வந்து குடுத்தேன்."

"அதுவும் இல்லாம இத்தனை நாள் என்ன பண்ணியிருப்பேன்? சும்மா இருங்க."

"சரி, போ. ஆனா நாளைக்காவது அஞ்சோட நிறுத்திக்க" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, முழுதாக வரவில்லை.

மறுநாள் பதிப்பகத்துக் கூட்ட அறையில் மேசையைத் துடைத்து வைத்திருந்தனர். வெள்ளைத் தாள், பென்சில், வண்ணங்கள், தலைக்குமேல் ஒரு கேமரா, முகத்துக்கு எதிரே இன்னொன்று. ஊழியர்கள் சுவரோரம் நின்றனர். மழையையும் தவளையையும் முடித்து, அவள் சிறுமியின் முகத்துக்கு வந்தாள்.

"மேடம், கேமராவைப் பாத்துச் சிரிக்காதீங்க. நடிக்கிற மாதிரி இருக்கு" என்றான் படம் பிடித்தவன்.

"நான் சிரிக்கலையே."

"சிரிக்கிறீங்க மேடம்."

அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். உதடுகள் விரிந்துதான் இருந்தன. அழும் முகத்தை வரையும்போது அவள் முகம் கோணும்; சினத்தை வரையும்போது புருவம் நெரியும். அந்தத் தொழிலில் பலருக்கும் அப்படித்தான். சிறுமி சிரித்தாக வேண்டும். ஆகவே அவள் முகமும் சிரித்தது.

"விடுப்பா, அதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றார் பதிப்பாளர். "சந்தோஷமா வேலை பாக்கறாங்கன்னு தெரியட்டும்."

அவள் விரல்களை வரைந்தாள். அறையில் இருந்தவர்கள் உதட்டசைவில் எண்ணியது அவளுக்குத் தெரிந்தது.

அவள் வரைந்த காணொளி எங்கும் பரவியது. சந்தேகம் எழுப்பிய தாய் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். பக்கத்து வீட்டுப் பெண் படியில் நிறுத்தி, "நீங்கதானா அது? டிவில வர்றவங்க மாதிரி இருந்தீங்க அக்கா" என்றாள். அன்று மாலை அவள் கணவன் இனிப்பு வாங்கி வந்தான்.

அடுத்த முறை பதிப்பகம் சென்றபோது தேநீர் வந்தது.

"நீங்கதான் வரைஞ்சதுன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு" என்றார் பதிப்பாளர்.

"ரொம்ப நன்றி சார்."

"அப்போ தப்பும் உங்களோடதுன்னு ஆயிடுச்சு இல்லையா?"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நீங்களும் பாத்தீங்களே சார்."

"நான் கதையப் பாப்பேன். விரலை ஓவியர்தானே பாக்கணும்? கம்ப்யூட்டர் தப்புன்னா நான் யாரைப் புடிக்கறது? இப்போ ஆள் இருக்கே." அவர் குரலில் கோபம் இல்லை, கணக்கைப் புரியவைப்பவரின் பொறுமை இருந்தது. "நஷ்டத்தைக் கட்டுங்கன்னு நான் கேக்கல. பள்ளிக்கூடம் திருப்பி அனுப்பின புத்தகம் கிடங்குல கட்டுக்கட்டாக் கிடக்கு. ஒவ்வொண்ணுலயும் அந்த விரலை மட்டும் பெயின்ட் வச்சு மறைச்சுக் குடுத்துடுங்க. அதை முடிச்சதும் அடுத்த கதையத் தரேன்."

கிடங்கு தகரக் கூரையின்கீழ் வெந்தது. மழையின் சாம்பல் நிறத்தைக் குழைத்து எடுப்பதற்கே ஒரு முற்பகல் ஆயிற்று. தாள் வழவழப்பானது, நீர்த்த வண்ணம் அதில் நிற்காமல் ஓடியது. கெட்டியாகக் குழைத்தால் தழும்புபோல் மேடிட்டது. நடுவாக ஒரு பதத்தை அவள் கண்டுபிடித்தாள். ஒரு நூலைத் திறந்து, மெல்லிய தூரிகையால் விரலை மறைத்து, காய்வதற்காக விரித்தபடியே தரையில் வைத்து, அடுத்ததைத் திறந்தாள். சுவர்வரை நூல்கள் விரிந்து கிடந்தன. முதுகு பிடித்துக்கொண்டபோது எழுந்து நின்றாள். நிற்கும்போதெல்லாம் கட்டுகள் குறையவில்லை என்பது தெரிந்ததால் மறுபடியும் அமர்ந்தாள்.

பொட்டலம் கட்டும் பெண் ஒருத்தி காய்ந்த நூல்களைப் பொறுக்கி அடுக்கினாள்.

"இதுக்கு என்ன கூலிக்கா தராங்க?"

"கூலி இல்லம்மா. தப்பு என்னோடது."

"நாங்க தப்பு பண்ணா சம்பளத்துல புடிப்பாங்க. நீங்க பண்ணா சம்பளமே கிடையாதா? படிச்சவங்களுக்குத் தனிச் சட்டம் போல." அவள் ஒரு பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். "ஆனா எங்க இருந்துச்சுன்னே தெரியலக்கா."

நூல்கள் பாதியளவு முடிந்திருந்த ஒரு நாள் கிடங்கிற்கு ஒட்டுத்தாள் சுருள்கள் வந்து இறங்கின. தங்க நிற வட்டம். அதற்குள் அழகிய எழுத்துகள். பொட்டலக்காரப் பெண் ஒன்றை உரித்து நூலின் அட்டையில் ஒட்டி அவளிடம் நீட்டினாள்.

"என்னக்கா எழுதியிருக்கு? உங்களைப் பத்தியா?"

அவள் வாசித்தாள். "ஓவியரே தம் கையால் வண்ணம் தீட்டிய சிறப்புப் பிரதி."

"அட. பின்பக்கமும் ஒண்ணு ஒட்டச் சொல்லியிருக்காங்க. விலைக்கு மேல."

பெண் அதையும் ஒட்டியபின் அவள் நூலைத் திருப்பிப் பார்த்தாள். பழைய விலையை அதைவிடக் கூடுதலான புதிய விலை முழுவதுமாக மறைத்திருந்தது.

வாசலில் பதிப்பாளர் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமா சார், பிரிண்ட் இல்ல, ஒவ்வொண்ணும் கைவேலை. அவங்களே உக்காந்து தீட்டறாங்க. நம்புங்க, இப்பக்கூட என் கண்ணு முன்னாடிதான் இருக்காங்க." அவர் உள்ளே திரும்பி, இன்னும் கொஞ்சம் வேகமாக என்பதுபோல் விரலைச் சுழற்றினார்.

பொட்டலக்காரப் பெண் அடுத்த நூலுக்குக் கை நீட்டினாள்.

"இரும்மா, காயல" என்று அவள் குனிந்து அந்தப் பக்கத்தின்மேல் மெதுவாக ஊதினாள். பிறகு விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, ஒட்டவில்லை என்று தெரிந்ததும், நூலை மூடி, தங்க வட்டம் ஒட்டுவதற்கு வாகாக அட்டையை மேலே பார்க்கத் திருப்பிக் கொடுத்தாள்.