ஊறாத தாள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கோபத்தில் பிறந்தது.

ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து, தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டேஷனரி கடைக்கு ஜப்பான் நோட்டு வாங்கப் போயிருந்தேன். மைப்பேனாக்காரர்களுக்கு அந்த நோட்டு ஒரு வியாதி. தாள் வெங்காயச் சருகு போல மெல்லிசு. ஆனாலும் மை பரவாது, பின்பக்கம் ஊறாது. வழவழப்பைக் கேட்கவே வேண்டாம். திறந்து வைத்த நோட்டில் ஏறிய எறும்பு ஒன்று சறுக்கிக்கொண்டே போய் சத்திரம் பஸ் ஸ்டாண்டில்தான் நின்றது. நானே பார்த்தேன்.

கடைக்காரர் தமிழ்மணி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், இருக்கறது ஒண்ணே ஒண்ணு. இதுல எழுதற அளவுக்கு உங்ககிட்ட விஷயம் இருக்கா?"

நான் யோசிப்பதற்குள் பக்கத்தில் நின்ற பெரியவர், "எங்கிட்ட இருக்கு தம்பி, கட்டுங்க" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். கனத்த குரல். யாரென்று தெரியாது. தெரியாதது வசதி. முகம்மது கனி என்று பெயர் வைத்தேன். நோட்டைப் பிடுங்க முடியவில்லை, குரலைப் பிடுங்கினேன்.

2

முதல் தொடக்கம்: "காந்தி மார்க்கெட்டில் முகம்மது கனி வெங்காய ஏலம் கூறினால், மலைக்கோட்டை உச்சியில் நிற்பவர்களுக்குக் கண்ணில் நீர் வரும்." (இதை வைத்தால் சிரிப்புக் கதை என்று நினைத்துவிடுவீர்கள். அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும்.)

இரண்டாம் தொடக்கம்: "தில்லை நகர் ஆஸ்பத்திரி வராந்தாவில், விதியின்..." (விதி என்று எழுதியதும் எனக்கே கூச்சமாகிவிட்டது.)

மூன்றாவது, சுருக்கமாக. கனிக்குத் தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்தாக வேண்டும்.

"கழுத்துல ஒரு துளை போட்டுருவோம். மூச்சு அது வழியாத்தான்" என்றார் டாக்டர் ரெஜிஸ். "பேசறதுக்கு மிஷின் இருக்கு, பயிற்சி இருக்கு. அதெல்லாம் காயம் நல்லா ஆறினப்புறம். அதுவரைக்கும் ஒரு நோட்டு வாங்கி வச்சுக்குங்க பாய்."

(செல்போனில் அடித்துக் காட்டலாமே என்பீர்கள். கனி முயன்றார். மூட்டை தூக்கிப் பழகிய கட்டைவிரல்; ஒரு தடவை அமுக்கினால் மூன்று எழுத்து விழுந்தது.)

டாக்டர் சொன்னது ஏதோ ஒரு நோட்டைத்தான். ஆனால் இனிமேல் அதுதான் வாய் என்றால், கண்ட கடையிலா வாங்குவது?

3

ஆகவே பாலக்கரை வீட்டில், ஜன்னலோரம், சோதனை. உள்ளூர் நோட்டு ஒன்று, மகள் ஹஃப்ஸா ஷார்ஜாவிலிருந்து அனுப்பிய ஜப்பான் நோட்டு ஒன்று, என்னிடமிருந்து பறித்தது ஒன்று. கனி தன் கறுப்பு எபோனைட் பேனாவில் மை அடைத்து, மூன்றிலும் "சின்ன வெங்காயம்" என்று எழுதினார். உள்ளூர்த் தாளில் ஒவ்வொரு எழுத்துக்கும் வேர் முளைத்தது. ஹஃப்ஸா அனுப்பியதில் பரவவில்லை. திருப்பினால் நிழல் தெரிந்தது. என்னுடையதில், அதாவது அவருடையதில், ஒன்றுமே இல்லை. எழுத்து தாளின் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

இங்கே கதையின் முள்ளைச் சொல்லிவிட வேண்டும். ஹஃப்ஸாவுக்குப் பிரசவ நேரம். கனியின் உடம்பு தேறியதும் அவர் மனைவி ஜீனத் ஷார்ஜா போகிறாள். "பிரசவம் பாத்துட்டு அங்கயே இருந்துடலாம்னு இருக்கேன். உங்க தம்பி வீடு கீழதான இருக்கு, சோறு வந்துரும்" என்று துணி மடித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். கனி அவளைப் போகாதே என்று கேட்க வேண்டும். குரல் இருக்கும்போதே.

(ஜீனத்தைக் கல்நெஞ்சக்காரியாக எழுதுகிறேனோ என்று ஒரு சந்தேகம். கனி வெங்காய மண்டியில் ஏலம் கூறிய குரலிலேயே வீட்டிலும் உப்பு கேட்டவர். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலுக்குக் கீழே குடியிருந்தவள் அவள். நீங்கள் ஒரு மத்தியானம் இருந்து பாருங்கள்.)

"விடிஞ்சா ஆஸ்பத்திரி. இன்னும் தாளைத் தடவிக்கிட்டே இருக்கீங்க" என்றாள்.

"இங்க பாரு ஜீனத்து. பின்னாடி ஒரு பொட்டு ஊறல."

"எப்பவும் பின்னாடிதான் கவலை உங்களுக்கு. முன்னாடி என்ன எழுதப் போறீங்க?"

கனி வாயைத் திறந்தார். அவருக்காக நான் ஒரு வசனம் எழுதி வைத்தேன்: "நீ போகாத, எனக்கு..." அவர் வாயில் அது பொருந்தவில்லை. ஏலம் கூறுகிறவன் தனக்கு என்ன விலை வேண்டும் என்று ஒருநாளும் சொல்லமாட்டான். விலை எதிரிலிருந்துதான் வர வேண்டும். அதை ஏற்றிவிடுவதுதான் அவன் தொழில். கனிக்கு வேறு விதமாகக் கேட்கத் தெரியாது.

"ஷார்ஜால வெயிலு மண்டையப் பொளக்குமாமே" என்று ஆரம்பித்தார்.

"இங்க மட்டும் என்ன, ஊட்டியா?"

"எந்நேரமும் ஏசி ஓடும். உனக்கு முட்டி வலி கூடிரும்."

"போர்வை எடுத்துட்டுப் போறேன்."

"பேச்சுத் துணைக்கு ஆளிருக்காது."

"அது பரவால்லங்க" என்றாள் ஜீனத், ரொம்ப மெதுவாக.

கனி காத்திருந்தார். 'சரி, இருந்துடறேன்' என்று அவள் வாயிலிருந்து வரும் என்று காத்திருந்தார். அவள் ஆஸ்பத்திரிப் பைக்குள் துண்டை வைத்து ஜிப்பை இழுத்தாள். தன் சொந்தக் குரலில் அவர் கடைசியாகப் பேசிய வாக்கியம், "அந்த நோட்ட மடங்காம வைய்யி" என்பது.

4

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. (டாக்டர் ரெஜிஸை நான் திறமைசாலியாகவே எழுதியிருக்கிறேன். இந்தக் கதையில் தப்பு அவருடையது இல்லை.)

நல்ல தாளைப் பற்றிக் கடைக்காரர்கள் வாய் திறக்காத சங்கதி ஒன்று உண்டு. மை ஊறவில்லை என்றால் அது மேலேயே நிற்கிறது என்று அர்த்தம். மேலே நிற்கிற மை சீக்கிரம் காயாது. ஐப்பசி ஈரத்தில் கேட்கவே வேண்டாம். கடிதத்துக்கு உகந்த தாள், கவிதைக்கு உகந்த தாள். புருஷன் பெண்சாதி பேச்சுக்கு மட்டும் ஆகாது.

"கஞ்சியா, ரவா பாயாசமா?" என்று ஜீனத் கேட்பாள். கனி பேனாவைத் திறந்து, 'கஞ்சி வேண்டாம்' என்று அழகாக எழுதுவார். பக்கத்தைத் திருப்பிக் காட்டும்போது உள்ளங்கை பட்டு 'வேண்டாம்' இழுபட்டுவிடும். கஞ்சி வரும்.

ஒருநாள் ஏதோ ஆத்திரத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதி, சீக்கிரம் காயட்டும் என்று உதட்டைக் குவித்து ஊதினார். காற்று வரவில்லை. மறுபடி ஊதினார். மூச்சு கழுத்துத் துளை வழியாகப் போய், கட்டியிருந்த துணியை மட்டும் அசைத்தது. கனி நோட்டை மெல்லத் தூக்கிக் கழுத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். மை காய்ந்தபோது ஜீனத் கீழே மீன்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் அவ்வளவு உரக்கச் சிரிப்பாள் என்று கனிக்கு அதுவரை தெரியாது.

5

முடிவு ஒன்று: ஜீனத் டிக்கெட்டைக் கிழிக்கிறாள். (நான் எழுதினேன். அவள் சம்மதிக்கவில்லை.)

முடிவு இரண்டு: கனி எழுதிய பக்கத்தை அவள் விரலில் எச்சில் தொட்டுப் புரட்டுகிறாள், அந்த ஒரு சொல் மட்டும் அழிந்து... (கதாசிரியனுக்கு வசதியான எச்சில். வேண்டாம்.)

முடிவு மூன்று. இது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் இதுதான் சரியாக இருக்கும்.

ஏர்போர்ட் போகக் கார் வந்து நிற்கிறது. ஜீனத் புர்காவைச் சரிசெய்துகொண்டு, "மாத்திரைய மறந்துராதீங்க" என்கிறாள். கனி நோட்டைத் திறந்து ஒரே ஒரு சொல் எழுதுகிறார். வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் விலையைத் தானே சொல்கிறார். அவசரப்படாமல் காயவிட்டு, நோட்டை அவள் கையில் கொடுக்கிறார்.

அவள் தூரப் பிடித்துப் பார்க்கிறாள். கிட்டப் பிடித்துப் பார்க்கிறாள்.

"கண்ணாடி பொட்டிக்குள்ள போயிருச்சுங்க. பொட்டிய கார்ல ஏத்தியாச்சு. என்ன எழுதியிருக்கீங்க?" என்று நிமிர்கிறாள். "சொல்லுங்க."

பழக்கத்தில் வந்த வார்த்தையா, தெரிந்தே கேட்டாளா? நான்தான் எழுதினேன், எனக்கே தெரியாது.

இத்துடன் பேனாவை மூடுகிறேன். உங்களுக்குக் கண் இருக்கிறது, குரலும் இருக்கிறது. அந்தச் சொல் என்னவென்றும் தெரியும். மனசு கேட்காவிட்டால், எங்கே உட்கார்ந்திருக்கிறீர்களோ அங்கிருந்தே உரக்க வாசியுங்கள். பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஜீனத் பார்க்கமாட்டாள். அவள் கேட்டது உங்களை இல்லை.