சவப்பெட்டிக்குள் ஒரு விமானம்

பூக்களுக்கு அடியில் விமானத்தைச் செருகிவிட்டு தெத்சுயா கையை எடுத்தபோது அதன் ஒரு வால் மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. கயோகோ தட்டிலிருந்து ஒரு வெள்ளைச் செவ்வந்தியை எடுத்து அதன்மேல் வைத்தாள். அப்பாவின் இடுப்பருகே பூக்கள் கொஞ்சம் மேடாகத் தெரிந்தன. மற்றபடி சந்தேகப்பட ஒன்றுமில்லை.

"பாத்துட்டாராக்கா?" என்றான் தம்பி, உதடு அசையாமல்.

"இல்ல. நீ தள்ளி நில்லு."

ஈமச்சடங்கு நிறுவனத்துக்காரர் வாசலருகே அடுத்த தட்டோடு நின்றிருந்தார். பெட்டிக்குள் எதை வைக்கலாம், எதைக் கூடாது என்று முந்தின நாளே சொல்லிவிட்டுப் போயிருந்தார். துணி வைக்கலாம், கடிதம் வைக்கலாம், பிடித்த பலகாரம் வைக்கலாம். கண்ணாடி, கடிகாரம் கூடாது. பிளாஸ்டிக் கூடவே கூடாது. உருகி எலும்பில் ஒட்டிக்கொள்ளும் என்றார். எல்லா வீட்டிலும் சொல்கிற அதே பவ்வியத்தோடுதான் சொன்னார். தெத்சுயாவும் அதே பவ்வியத்தோடு தலையாட்டினான். ஆனால் ஆஸ்பத்திரியில் அப்பா அவனிடம் கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்றைத்தான். அதை என்னோடு அனுப்பிவிடு என்றார். எதை என்று அவன் கேட்கவில்லை.

அப்பா ஷிகெமாசா, கனோயாவில் ஒரு தேயிலை ஆலையில் இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். வேலையை விட்ட பிறகு பொம்மை விமானம் கட்டினார். பொம்மை என்றால் அவருக்குக் கோபம் வரும். பூதக்கண்ணாடியின் கீழ் ஒற்றை மயிர்த் தூரிகையால், விமானி பார்க்கும் கடிகாரங்களின் முட்களைக்கூட வரைவார். இருக்கைப் பட்டையைக் காகிதத்தில் வெட்டி ஒட்டுவார். பிறகு உடலின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பசை தடவி மூடிவிடுவார். அதற்குப் பிறகு உள்ளே இருப்பதில் பாதியை எவனாலும் பார்க்க முடியாது. யாருக்காக இத்தனை பாடு என்று அம்மா உயிரோடிருந்தவரை திட்டித் தீர்த்தாள்.

விமானம் கட்டுகிறவர்களின் ஊர்ச் சங்கத்தில் மற்றவர்கள் எல்லாம் சிவப்பு வட்டம் போட்ட நம் நாட்டு விமானங்களைக் கட்டினார்கள். இவர் திரும்பத் திரும்பக் கட்டியது ஒன்றே ஒன்றைத்தான். அமெரிக்காக்காரனின் இரட்டைவால் லைட்னிங். போர்க்காலத்தில் ஊர்க்காரர்கள் அதைக் குச்சியில் கோத்த ஜோடிக் கருவாடு என்பார்களாம். நம்மைச் சுட்டவனுக்கே கோயில் கட்டுகிறாயா என்று சங்கத்துக் கிழவர்கள் சீண்டுவார்கள். இவர் சிரித்துவிட்டு மணல்தாளால் தேய்ப்பார். கட்டி முடித்ததும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஏதோ ஒன்று சரியில்லை என்று உடைத்துவிட்டு, உதிரிப்பாகங்கள் அடங்கிய புதுப் பெட்டி வாங்கி வருவார். கடைசியாகக் கட்டியதை மட்டும் உடைக்கவில்லை.

காரணம் பிள்ளைகளுக்குத் தெரியும். போரின் கடைசி ஆகஸ்டில், சர்க்கரைவள்ளிக் கிழங்குத் தோட்டத்தில் சிறுவனாக இருந்த அப்பாவும் தங்கையும் போய்க்கொண்டிருந்தபோது அந்த விமானம் தலைக்குமேல் தாழ்வாக வந்து சுட்டது. அண்ணன் தங்கையின் கையை உதறிவிட்டு ஓடிப்போய் வாய்க்காலில் விழுந்தான். சின்னப் பெண் கொடிகளுக்கு நடுவில் தனியாகக் கிடந்தாள். அவளுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை, ஆனால் அதை அவள் மறக்கவே இல்லை. அந்தத் தங்கைதான் தொசே அத்தை. பெற்றவர்களின் காரியம் முடிந்ததிலிருந்து இந்த வீட்டு வாசலை மிதிக்காதவள். இன்று கறுப்புக் கிமோனோவில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பெட்டியில் பூ வைக்கக் கூப்பிட்டபோதும் எழுந்திருக்கவில்லை.

அத்தை சொல்வது மிகை என்றுதான் கயோகோ வெகுநாள் நினைத்திருந்தாள். ஒருநாள் சாராயம் கொஞ்சம் ஏறியிருந்த நேரத்தில் அப்பாவே சொன்னார்: "அவ சொல்றதுல பொய்யில்லம்மா. நான் உதறிட்டுத்தான் ஓடுனேன்." சொல்லிவிட்டுத் தூரிகையைச் சாயம் கரைக்கும் தின்னரில் கழுவப் போனார்.

தகனக்கூடத்தில் தேநீரும் அரிசி முறுக்கும் வைத்தார்கள். தெத்சுயா முறுக்கைத் தொடாமல் புகைபோக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டதும் எல்லோரும் உள்ளே போனார்கள். தட்டில் அப்பா வெள்ளையாக, உடைந்து, கிடந்தார். பிளாஸ்டிக்கின் சுவடே இல்லை. தெத்சுயா மூச்சு விட்டது கயோகோவுக்குக் கேட்டது.

எலும்பை ஒருவர் தனியாக எடுப்பதில்லை. இருவர் ஆளுக்கொரு ஜோடிக் குச்சியால் ஒரே எலும்பைப் பிடித்துத் தூக்கிக் கலசத்தில் இட வேண்டும். பாதத்திலிருந்து தொடங்கினார்கள். கயோகோவுக்கு ஜோடியாக அத்தை வந்து நின்றாள். முறை தப்பக்கூடாது என்பதற்காக மட்டும் வந்தவள் போல முகத்தை வைத்திருந்தாள்.

இடுப்பெலும்பில் இவர்கள் முறை வந்தபோது கூடத்துக்காரர் கொஞ்சம் தயங்கினார். சாம்பலில் மொச்சைக்கொட்டை அளவில் கறுத்த கட்டி ஒன்று கிடந்தது. இறந்தவருக்கு அறுவைச் சிகிச்சை செய்து உலோகம் ஏதாவது வைத்திருந்தார்களா என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

கயோகோவுக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. அது ஈயம். அந்த விமானத்துக்கு முன்சக்கரம் உண்டு. மூக்கில் கனம் ஏற்றாவிட்டால் நிமிர்ந்து வாலில் உட்கார்ந்துவிடும். அதனால் மூடுவதற்கு முன் அப்பா தூண்டில் ஈயத்தை நசுக்கி மூக்குக்குள் திணிப்பார். பிளாஸ்டிக் எரிந்து போய்விடும் என்று கணக்குப் போட்ட அக்காவும் தம்பியும் இதை மறந்தே போனார்கள். இத்தனை வருஷம் அந்த வீட்டில் வளர்ந்தும் மறந்தார்கள்.

"குண்டு," என்றாள் அத்தை.

கூடத்துக்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"பட்டிருக்கு. அன்னைக்கே இடுப்புல பட்டிருக்கு. அதான் ஓடிருக்கான். அதான் காலமெல்லாம் கோணிக்கிட்டே நடந்தான்."

அப்பா கோணி நடந்தது, ஆலைக் கூரையிலிருந்து விழுந்ததால். தெத்சுயா ஒரு அடி முன்னால் வந்தான். "அத்தை, அது வந்து..." என்று ஆரம்பித்தான். கயோகோ அவன் காலை மிதித்தாள்.

அத்தையின் குச்சிகள் கட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துவிட்டன. தனியாகத் தூக்கக் கூடாது. அவள் நிமிர்ந்து கயோகோவைப் பார்த்தாள். வந்ததிலிருந்து இப்போதுதான் முகத்தைப் பார்க்கிறாள்.

"பிடிம்மா."

ஒரு வார்த்தை சொன்னால் போதும். தூண்டில் ஈயம் அத்தை, பொம்மை விமானத்தில் இருந்தது. அப்பா தன் தப்பை ஒருநாளும் மறைத்ததில்லை. செத்த பிறகு அவரை ஒரு பொய்யால் கழுவ நான் யார்? கயோகோவுக்கு அப்பாவின் மேல் கோபம் வந்தது. உயிரோடிருக்கும்போது அத்தை வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்று ஆத்திரமாக இருந்தது. எதிரே கிழவியின் குச்சிகள் வழுக்க, கட்டி சாம்பலில் ஒருமுறை புரண்டது. அவள் மறுபடி பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

கயோகோ தன் குச்சிகளை நீட்டினாள்.

இருவருமாகத் தூக்கினார்கள். அது கனத்தது. கலசத்தின் அடியில் எலும்புகள் மேல் விழுந்து ஒருமுறை உருண்டது.

"வலிச்சிருக்கும்ல?" என்று அத்தை கேட்டாள்.

"வலிச்சுது அத்தை," என்றாள் கயோகோ. "கடைசி வரைக்கும்."

கூடத்துக்காரர் அடுத்த எலும்பைக் காட்டினார். முறைப்படி அடுத்த ஜோடிக்கு வழிவிட வேண்டும். தெத்சுயா குச்சிகளோடு பின்னால் நின்றான். அத்தை நகரவில்லை. இடுப்பெலும்பின் ஒரு துண்டில் குச்சியை வைத்துக்கொண்டு, மறுமுனையைக் கயோகோ பிடிப்பதற்காக நின்றாள்.