மாவடுத் தண்ணீர்

தமயந்தி குழி மேல் போர்த்தியிருந்த ஈரச் சாக்கை நீக்கியதும் நாற்றம் முகத்தில் அடித்தது. வழக்கமாக அந்தக் குழியிலிருந்து மழை பெய்த மண்ணின் வாசனைதான் வரும். இன்று அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். வருடக்கணக்கில் தெருத்தொட்டிக்குள் தலையை விட்டுப் பொறுக்கியவளே மூக்கைப் பொத்தினாள் என்றால் நாற்றத்தைப் பற்றி வேறு சொல்ல வேண்டியதில்லை.

கொத்துக்கரண்டியால் கிளறினாள். விரல் பட்டாலே நெளிந்து ஓடும் சிவப்புப் புழுக்கள் வெளுத்துப் போய் நூல் நூலாகக் கிடந்தன. சில, குழியைச் சுற்றிக் கட்டியிருந்த செங்கல் மேல் ஏறிச் செத்திருந்தன. தப்பிக்கப் பார்த்திருக்கின்றன.

"அடப்பாவிங்களா," என்றாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

மல்லேஸ்வரத்தில் அந்தக் குறுக்குத் தெருவின் சின்னப் பூங்காவுக்குப் பின்னால், தகரக் கூரைக்கு அடியில் இருந்தது அந்தக் குழி. தெருச் சங்கம் போட்டது. காலையில் தமயந்தி மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வீடாக விசில் ஊதிப் போவாள். காய்கறித் தோல், மிச்சச் சோறு ஒரு டிரம்மில். காகிதம், பிளாஸ்டிக், பாட்டில் இன்னொன்றில். ஈரக் குப்பை குழிக்குப் போய்ப் புழு தின்று உரமாகும். காய்ந்ததைப் பழைய பேப்பர் கடை எடுத்துக்கொள்ளும். தெருமுனையில் இருந்த மாநகராட்சித் தொட்டியை, நாயும் மாடும் மேய்ந்த அந்தச் சிமெண்டுத் தொட்டியை, சங்கத்துக்காரர்கள் மனுக் கொடுத்து இடித்துவிட்டார்கள்.

அந்தத் தொட்டிதான் முன்பு தமயந்தியின் பிழைப்பு. தோளில் சாக்கு, கையில் கம்பி. தெருவில் யார் வீட்டிலாவது ஒரு சொம்பு காணாமல் போனால் போலீஸ் முதலில் சாக்குக்காரியைத்தான் பிடிக்கும். அவள் கையில் இருக்கும் நீளத் தழும்பு நாய் கடித்தது என்று எல்லோரும் நினைப்பார்கள். லத்தி பட்டது. வண்டி வந்த பிறகு அவளுக்குச் சங்கம் நீலக் கோட்டு கொடுத்தது, மாதச் சம்பளம் கொடுத்தது. வீட்டு வாசலில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

குழி போனால் வண்டி போகும். வண்டி போனால் மறுபடி சாக்கு.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்து ஆட்கள் குழியைப் பார்க்க வருவதாக இருந்தது. அந்த இடத்தில் ஷட்டில் கோர்ட் போடலாம் என்று சுதீர் என்ற இளைஞன் கொஞ்ச நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, புதிதாகக் குடி வந்தவன். அவனுக்கு ஆள் சேர்ந்திருந்தது. "வாசனை வந்தாப் போதும், மூடிடலாம்" என்று செயலாளர் ஸ்ரீகண்டனும் சொல்லிவிட்டார். அரசுத் தலைமைச் செயலகமான விதான சௌதாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த விஷயத்தையும் மூடி வைப்பதில் பழக்கம் உள்ளவர்.

தமயந்தி வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஸ்ரீகண்டன் வீட்டுக்கு ஓடினாள். அவரைப் பார்க்க இல்லை. அவர் மனைவி ரமாவைப் பார்க்க. புழுக்குழி என்ற யோசனையே ரமாவுடையது. எங்கோ ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்து, தெருவில் ஒவ்வொரு வாசலிலும் நின்று இரண்டு வாளி வைக்கச் சொல்லிக் கெஞ்சி, திட்டி, ஆரம்பித்து வைத்தவள்.

"ரமாம்மா, கொஞ்சம் வாங்க. புழு எல்லாம் செத்துப் போச்சு."

"என்னடி உளர்றே? எப்படிச் சாகும்?"

"நான் என்னா டாக்டரா? வந்து பாருங்க."

ரமா கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குழி ஓரம் வந்து குனிந்தாள். மூக்கு சுருங்கியது. பிறகு அந்த மூக்கு நிமிர்ந்தது. மறுபடி குனிந்து நன்றாக இழுத்து முகர்ந்தாள்.

"கடுகு," என்றாள். "விளக்கெண்ணெய்."

"என்னாது?"

"இது என் ஜாடி வாசனைடி! போன சனிக்கிழமை உன்கிட்ட ஒரு மாவடு ஜாடி கொடுத்தேனே, அதை என்ன பண்ணினே?"

"மாங்காயை எடுத்துக்கிட்டேன். நல்லாத்தான இருந்துச்சு, கஞ்சிக்கு ஆகும்னு. தண்ணியை..."

"தண்ணியை?"

"குழியில ஊத்தினேன். நீங்கதான சொன்னீங்க, வாய்க்குப் போறது எல்லாம் குழிக்குப் போகலாம்னு. வேஸ்ட்டாப் போவுதேன்னு ஜாடியைக் கழுவி அந்தத் தண்ணியையும் ஊத்தினேன்."

ரமா தலையில் கை வைத்துக்கொண்டு செங்கல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜாடி என்றால் சின்ன ஜாடி இல்லை. வருடத்துக்குப் போடும் பீங்கான் ஜாடி. அதில் முக்கால்வாசி உப்புத் தண்ணீர், மிளகாய், எண்ணெய்.

"உப்பு பட்டா அட்டையே சுருண்டு போறதே. புழு என்ன பண்ணும்? அதை நான்தானே உனக்குச் சொல்லியிருக்கணும். சாக்கடையில கொட்டுவேன்னு நெனச்சேன்."

"சோத்துப் பண்டத்தை யாராவது சாக்கடையில கொட்டுவாங்களாம்மா?"

"அதானே. எனக்கும் மனசு வராமத்தானே உன்கிட்டக் கொடுத்தேன்."

இரண்டு பேரும் குழியைப் பார்த்தார்கள். உணவைக் கீழே கொட்டக் கூடாது என்று வளர்ந்த இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு குழி புழுவை ஊறுகாய் போட்டிருந்தார்கள்.

"நல்ல மாவடுவை ஏன்மா தூக்கிக் குடுத்தீங்க?"

ரமா குரலைத் தாழ்த்தினாள். "அவருக்கு பிரஷர். உப்பைத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இவர் என்னடான்னா, நான் கோயிலுக்குப் போன நேரமாப் பார்த்து ஜாடிக்குள்ள கையை விடறார். அதான் ஜாடியையே ஒழிச்சேன். தேடு தேடுன்னு தேடினார். கரப்பான் விழுந்துடுத்துன்னு பொய் சொல்லியிருக்கேன்."

தமயந்திக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போதே கண்ணில் நீர் முட்டியது. "ஞாயித்துக்கிழமை வந்து பார்த்தா மூடிடுவாங்கம்மா. எனக்கு மறுபடி சாக்குதான்."

"அழாதே. அழுதா அதுவும் உப்புதான், அதையும் குழியில விட்டுடாதே," என்றாள் ரமா. "புழு எங்க கிடைக்கும்?"

புழு அடுத்த குறுக்குத் தெருவில் கிடைத்தது. கோவிந்தப்பாவின் மாட்டுக் கொட்டகை. வாசலுக்கே மாட்டை ஓட்டி வந்து கறந்து கொடுக்கும் பால்காரர். கொட்டகைக்குப் பின்னால் சாணிக்குவியல் ஆள் உயரம் இருந்தது. அதன் அடியில் ஈரமான இடத்தில் புழு கொழுத்துக் கிடக்கும் என்று தமயந்திக்குத் தெரியும், மீன் பிடிக்கிறவர்கள் அங்கேதான் வந்து தோண்டுவார்கள்.

கோவிந்தப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கன்னடமும் தமிழும் அவர் வாயில் ஒன்றாகத்தான் வரும்.

"எரெஹுளு பேக்கா? ஆஹா. புழு வேணுமா இப்போ? உங்க குழி வர்றதுக்கு முன்னாடி இந்தத் தெருத் தோலெல்லாம் யாருக்கு வந்துச்சு, சொல்லும்மா."

ரமா விழித்தாள்.

"என் மாட்டுக்கு வந்துச்சு. பூசணித் தோல், வாழைப்பழத் தோல், கீரைத் தண்டு. காலையில மாடு வாசல்ல நின்னா எல்லா அம்மாவும் கொண்டாந்து வெப்பாங்க. நீங்க குழி தோண்டினீங்க, என் மாட்டு வயித்துல அடிச்சீங்க. நான் காசு கொடுத்துப் பூசா, தவிடு வாங்குறேன். இப்போ புழுவுக்கும் என்கிட்டயே வர்றீங்க!"

நியாயமான பேச்சு. தெருவைச் சுத்தம் பண்ணும்போது அவள் மாட்டை நினைக்கவில்லை. தமயந்தியும் நினைக்கவில்லை. வண்டி கிடைத்த சந்தோஷத்தில் யாருடைய தீனியை அள்ளுகிறோம் என்று யார் பார்ப்பார்கள்?

"சரி," என்றாள் தமயந்தி. "நல்ல தோலு, தண்டு எல்லாம் தனியா எடுத்துக் கொண்டாந்து உங்க தொட்டியில கொட்டிடறேன். வெந்தது, அழுகினது மட்டும் குழிக்கு. போதுமா?"

"பிளாஸ்டிக் கலந்து வந்தா?"

"வந்தா என்னை மாடு முட்டட்டும்."

கோவிந்தப்பா மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தார். "அகீரி. தோண்டுங்க."

தமயந்தி வெட்ட வெட்ட ரமா பொறுக்கினாள். முதல் புழு கையில் நெளிந்ததும், "ஐயோ, ராமா!" என்று உதறினாள். அது போய்க் கோவிந்தப்பாவின் மாட்டு மேல் விழுந்தது. மாடு வாலால் தட்டிவிட்டது.

"என்னம்மா, கூட்டத்துல மைக் பிடிச்சு, புழு நம்ம தோழன்னு பேசினீங்களாம்?" என்றாள் தமயந்தி.

"சும்மா வெட்டுடி. படத்துல பார்த்தப்ப இது இப்படி வழவழன்னு இல்லை."

போகப் போக அவள் கை பழகிவிட்டது. முழங்கை வரை சாணி. வியர்வையைத் துடைத்ததில் நெற்றியிலும் சாணி. எதிரே வந்த ஒரு மாமி, "என்ன ரமா, கிரஹப்பிரவேசமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனாள்.

புழுவைக் கொண்டு வந்துவிட்டால் மட்டும் போதாது. குழியில் இருந்த உப்புச் சகதியை அடி வரை வாரி வெளியே எடுக்க வேண்டும். தமயந்திதான் குழிக்குள் இறங்கினாள். பழக்கப்பட்ட வேலை, ஆனாலும் முதுகு முதுகுதான். கூடை நிறைய அள்ளித் தூக்கிக் கொடுக்க, மேலே நின்று ரமா வாங்கினாள். இரண்டாவது நாள் ரமாவின் உள்ளங்கையில் கொப்புளம் வெடித்தது. புருஷனுக்குத் தெரியாமல் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வந்தாள். குழியைக் கழுவி, வடியவிட்டு, புங்க இலைச் சருகு பரப்பி, பழைய சாணியைப் போட்டு, புழுவை விட்டு, மேலே ஈரச் சாக்கைப் போர்த்தினார்கள். சனிக்கிழமை பொழுது சாய்ந்துவிட்டது.

"பொழைக்குமாம்மா?"

"தெரியலைடி. பொழைக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்ரீகண்டன் கைத்தடியோடு வந்தார். கூடவே சங்கத்து ஆட்கள். சுதீர் அளக்கும் டேப் கொண்டு வந்திருந்தான். ரமா சாக்கை நீக்கினாள். நாற்றம் இல்லை. சாணியும் சருகும்தான் வாசனை.

ஸ்ரீகண்டன் தடியால் மேலாகக் கிளறினார். சருகு புரண்டது. புழு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

"இதுல எங்க இருக்கு? செத்துப் போச்சுன்னு பேசிக்கறாளே."

"அங்கிள், சும்மா சாணியை ரொப்பி வெச்சிருக்காங்க," என்றான் சுதீர். "பழைய உரமும் காணோம், புழுவும் காணோம். மெயின்டெய்ன் பண்ணத் தெரியலைன்னா மூடிடறது பெட்டர்."

எல்லோரும் தமயந்தியைப் பார்த்தார்கள். ஜாடி யாருடையது என்று சொன்னால் ரமாவுக்கு வீட்டில் வம்பு. சொல்லாவிட்டால் தன் தலை. அவள் வாயைத் திறந்தாள்.

"நான்தான் சார். உப்புத் தண்ணியை நான்தான் ஊத்தி..."

"அவளை விடுங்கோ," என்றாள் ரமா. "ஏன்னா, அது நம்மாத்து மாவடுத் தண்ணி. நான்தான் ஜாடியோட தூக்கிக் கொடுத்தேன். புழு செத்ததுக்கு நான்தான் காரணம்."

ஸ்ரீகண்டனுக்குப் புழு மறந்துவிட்டது. "என் மாவடுவா? கரப்பான் விழுந்துடுத்துன்னியே!"

"விழலை."

"முழு ஜாடியுமா?"

"நீங்க நாலு பேருக்கு நடுவுல மயக்கம் போட்டு விழறதைவிட இது மேல்னு கொடுத்துட்டேன். கோவிச்சுக்கணும்னா ஆத்துக்கு வந்து என்னைக் கோவிச்சுக்கோங்கோ. இவ வேலையில கை வைக்காதீங்கோ."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஸ்ரீகண்டன் காது சிவந்தது. "அதெல்லாம் வேற விஷயம். இப்போ புழு இருக்கா இல்லையா? கமிட்டிக்கு நான் என்ன சொல்றது?"

"சார், வெளிச்சம் பட்டா உள்ள போயிடும். தடியில குத்தினா இன்னும் கீழ போவும்," என்றாள் தமயந்தி. "யாராவது தடியெடுத்துட்டு வந்தா நானும் ஓடத்தான் செய்வேன்."

ரமா வளையலை மேலே தள்ளிவிட்டுக் குழிக்குள் கையை விட்டாள். முழங்கை வரை போனது. ஒரே ராத்திரியில் என்ன ஆகியிருக்கும் என்று தமயந்திக்கும் உறுதி இல்லை. கை வெளியே வந்தது. கொப்புளம் வெடித்த அந்தக் கை நிறைய கறுப்பு மண். மண் அசைந்தது. சிவப்பாக, ஈரமாக, கொத்தாக நெளிந்தன.

"கையை நீட்டுங்கோ."

"எதுக்கு?"

"நீட்டுங்கோன்னா."

முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அந்தக் குரலுக்கு மறுப்பு இல்லை. அவர் கையை நீட்டினார். ரமா மண்ணோடு அப்படியே அவர் உள்ளங்கையில் வைத்தாள். ஸ்ரீகண்டன் தடியை நழுவவிட்டார். ஆனால் கையை உதறவில்லை. விரல்களைக் கிண்ணம்போல் குவித்துக்கொண்டு நின்றார்.

"கடிக்குமா?"

"பல்லே இல்ல சார்," என்றாள் தமயந்தி.

ஒரு புழு அவர் கட்டைவிரலைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தது, திரும்பி மண்ணுக்குள் புகுந்தது. சுதீர்கூடக் குனிந்து பார்த்தான். ஸ்ரீகண்டன் குரலில் இருந்த செயலாளர் எங்கோ போய்விட்டிருந்தார்.

"கூச்சமா இருக்கு... ரமா, இதை எங்க விடறது?"

"எடுத்த இடத்துலயே விடுங்க சார். சாக்கடையில விட்டுடாதீங்க, பாவம்."

அவர் முட்டி வலியோடு குனிந்து, ஒரு புழுவும் விழாமல், மெல்ல இறக்கிவிட்டார். மேலே இரண்டு சருகை எடுத்து மூடினார். நிமிர்ந்தவர் சுதீரின் டேப்பைப் பார்த்தார்.

"அதைச் சுருட்டுப்பா. இதுல உயிர் இருக்கு. இதுமேல நின்னு எப்படி ஷட்டில் ஆடறது?"

சுதீர் தமயந்தியைப் பார்த்தான். "மறுபடி ஸ்மெல் வந்தா?"

"வந்தா என்கிட்ட வந்து கேளு. எங்காத்து ஊறுகாயெல்லாம் தீர்ந்தாச்சு," என்றார் ஸ்ரீகண்டன், ரமா பக்கம் திரும்பாமல்.

கூட்டம் கலைந்தது. தமயந்தி சாக்கை நனைத்துப் பிழிந்து குழி மேல் போர்த்தினாள். ரமா தடியை எடுத்துக் கணவன் கையில் கொடுத்தாள். அவர் சாணிக் கையாலேயே வாங்கிக்கொண்டார்.

"ஏய் தமயந்தி, இன்னிக்கு வண்டி வரலியே," என்றார். "வீட்டுல வாளி ரொம்பிக் கிடக்கு."

"உங்களாலதான் சார் லேட்டு," என்று வண்டியைத் திருப்பினாள். பாதித் தெரு இன்னும் பாக்கி. விசிலை வாயில் வைத்து ஊதினாள்.