வாயை மீறிய விசில்

...கைதட்டலாம், அதற்குத் தடையில்லை, எழுந்து நிற்கக்கூடாது, பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, "முக்கியமா விசில் வேணாம்ப்பா, ப்ளீஸ், நான் செத்தே போயிடுவேன்" என்று வாசலிலேயே வாக்கு வாங்கிக்கொண்டுதான் மகள் அவரை உள்ளே கூட்டிவந்தாள், அவள் கம்பெனி விழா, அவளுக்குப் பரிசு, உடைந்தால் ஒட்டாத நாள்... செத்துப்போவது அவளுக்குப் புதிதா என்ன, சிமெண்டு படிந்த பனியனோடு பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோன அன்று "ஐ டைடு", செருப்புக்கடையில் பேரம் பேசினால் "ஐ ஆம் டெட்", பஸ்ஸில் போனில் கத்திப் பேசினால் "கில் மீ", ஒரு வெட்கத்துக்கு இங்கிலீஷில் இத்தனை சாவா என்று அவருக்குச் சிரிப்பாக வரும், தலை நரைத்தபின் மாலைப் பள்ளியில் எழுத்துக்கூட்டப் பழகியபோது டீச்சரம்மாவிடம் அத்தனையும் ஒப்பித்தார், "இதெல்லாம் பாடத்துல இல்லண்ணே" என்று அந்தம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது... வார்த்தை தெரியும், அந்தச் சமாச்சாரம்தான் அவருக்கு வந்ததே இல்லை, கட்டட வேலையில் கிரேனுக்குக் கீழே நிற்கிறவனுக்குக் கூச்சம் எதற்கு, கம்பிக்கட்டு ஆடாமல் மேலே போய் உட்கார்ந்ததும் இரண்டு விரலை நாக்குக்கடியில் வைத்து நீளமாக ஒரு விசில், அப்புறம்தான் கீழே இருப்பவர்கள் மூச்சு விடுவார்கள்... அடடா, அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள், புதுச்செருப்பு, வழவழப்பான படி, புடவை தடுக்குது, பார்த்தும்மா, இன்னும் ஒண்ணு, பார்த்து... ஏறிட்டா.

விசில் கூரையில் போய் முட்டியது. விரல் எப்போது வாய்க்குப் போனது? அத்தனை தலையும் திரும்பின, மேடையில் மகள் கேடயத்தால் முகத்தை மூடிக்கொண்டாள், போச்சு, எல்லாம் போச்சு, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பேசமாட்டாள், இன்றைக்கு எந்தச் சாவோ... இருந்தாலும் பத்திரமாக ஏறிவிட்டாளே, நெஞ்சு குளிர்ந்துதான் இருக்கிறது, என்ன செய்ய.

இறங்கியவள் தனியாக வரவில்லை, கூட வேலை பார்க்கும் பிள்ளைகள் நாலைந்து பேர். "இவர்தான் எங்கப்பா, சொல்லச் சொல்லக் கேக்கவே மாட்டாரு" என்றாள். "அங்கிள், செம! இன்னொண்ணு அடிங்க!" "அடிங்கப்பா" என்று அவளே சொன்னாள், காது சிவந்திருந்தது, ஆனால் சிரித்தாள். அவ்வளவுதானே என்று விரலை வைத்தார், வெறும் காற்று, இன்னொரு தடவை, அதுவும் காற்று, எல்லாரும் வாயையே பார்க்கிறார்கள், கன்னம் சுடுகிறது, கையை எங்கே வைத்துக்கொள்வது, தரையில் என்ன தேடுகிறோம்... "என்னப்பா, வெக்கமா?" "சேச்சே, தொண்டை வறண்டு போச்சும்மா." இதுதானா அது, சின்னப்பிள்ளையிலிருந்து இதையா இவள் தூக்கிக்கொண்டு அலைந்தாள், நாம் சிரித்துக்கொண்டே இருந்தோமே... ஆனால் முழுக்கக் கசக்கவும் இல்லையே, ஓரத்தில் ஏதோ இனிக்கிறதே, அவளுக்கும் அப்படி ஒரு ஓரம் இருந்திருக்குமோ... கேட்டால் சொல்வாளா...