மூடாத மூலை

பெரியவள் மேசையில் பதித்த வெள்ளைக் கோடு மேசையை விட்டு இறங்கி, பட்டறைத் தரையைக் கடந்து, வாசற்படி தாண்டித் தெருவுக்குப் போன வாரத்தில்தான் வஜ்ஜிரத்தின் விலையும் ஏறியது. ஒட்டுகிற பசைக்கு இவ்வளவு விலையா என்று அப்பா காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்ததால் கோட்டை முதலில் பார்த்தது அவர் இல்லை, பக்கத்து சைக்கிள் கடைக்காரர். "உங்க வீட்டு மேசை எங்க கடைக்குள்ள வருது, கொஞ்சம் பார்த்துக்கங்க" என்றார், ஆட்டுக்குட்டி நுழைந்துவிட்டதைச் சொல்கிற மாதிரி. போய்ப் பார்த்தார்கள். தீக்குச்சி அகலத்துக்கு வெள்ளை மரம், சிமெண்டுத் தரைக்குள் இறங்கி, மட்டமாக, பிசிறில்லாமல் பதிந்திருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் எங்கேயும் தடுக்கவில்லை. யார் கைவேலை என்று கேட்கவே வேண்டாம்.

அந்தப் பட்டறையில் கட்டில், மேசை, அலமாரி எல்லாவற்றுக்கும் உடம்பைச் செய்வது அப்பா, அலங்காரம் செய்வது மகள்கள் இரண்டு பேரும். பெரியவள் பதிப்பு வேலை. கறுத்த மரத்தில் உளியால் தடம் எடுத்து அதில் வெள்ளை மரத்தைக் கோடாகவும் இலையாகவும் இறக்குவாள். சின்னவளுக்கு பீடிங். விளிம்பு ஓரமாக உருண்டையாக ஓடும் வரிதான் பீடிங். அதற்கு மிஷின் இருக்கிறது என்று யாராவது சொன்னால், "மிஷினுக்கு மரம் எந்தப் பக்கம் படுத்திருக்குன்னு தெரியுமா?" என்பாள். உடைந்த ரம்பத் துண்டை அரத்தால் ராவி, நடுவில் அரைவட்டமாகப் பள்ளம் எடுத்து, வெள்ளை மரத்தில் பிடி போட்டு அவளே செய்துகொண்ட சுரண்டி ஒன்று வைத்திருந்தாள். அதை விளிம்போடு அணைத்துப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு இழுப்புக்குத் தூசி மாதிரிதான் வரும். நாள் கணக்கில் இழுத்தால்தான் உருண்டை எழும். வாங்க வருகிறவர்கள் மேசையைத் தடவிப் பார்த்துவிட்டு அப்பாவின் கையைக் குலுக்குவார்கள். அப்பாவும் குலுக்கக் கொடுப்பார். செய்தவர்கள் உள்ளே போய் அவர்களுக்கு டீ போட்டுக் கொண்டு வருவார்கள்.

அம்மா இடுப்பு ஒடிந்ததிலிருந்து பின்னறைக் கட்டிலை விட்டு எழுந்ததில்லை. படுத்தபடியே சத்தத்தை வைத்து யார் என்ன வேலை செய்கிறார்கள், யாருக்குக் கோபம் என்று சொல்லிவிடுவாள். உளி தட்டுகிற சத்தம் பெரியவள். கர்ரக் கர்ரக் என்று எலி பிறாண்டுகிற சத்தம் சின்னவள். இரண்டும் ஒன்றாகக் கேட்டால்தான் அம்மா தூங்குவாள்.

அந்த மேசை ஒரு பல் டாக்டர் சொல்லிச் செய்தது. சின்னவள் அதன் விளிம்பு நான்கு பக்கமும் பீடிங் இழுத்து முடிக்கப் பல வாரங்கள் ஆயின. கடைசிப் பக்கத்தில் ஒரு இடத்தில் மரம் ரேகை மாறிப் படுத்திருந்தது. எதிர்ப்பக்கம் இழுத்ததில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பிய்ந்து வந்துவிட்டது. மறுநாள் துண்டு வைத்து ஒட்டிச் சரி செய்யலாம் என்று அவள் எழுந்து வேறு ஜோலிக்குப் போனாள். பெரியவளுக்கு அதைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. டாக்டர் பார்த்தால் மொத்தப் பெயரும் கெட்டுவிடும், துண்டு வைத்தால் தெரியும், விளிம்பை மட்டமாக்கிவிட்டு மேலே கரை பதித்துக் கொடுத்தால் யாருக்கும் தெரியாது என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், இழைப்புளியை எடுத்து நான்கு பக்க பீடிங்கையும் சீவித் தள்ளினாள். மேசை காப்பாற்றப்பட்டது என்றுதான் நினைத்தாள். அப்பாவும் பார்த்தார். "அதுவும் நல்லாத்தான் இருக்கும்" என்றார். எதைச் சொன்னாலும் அதையே சொல்கிற மனிதர்.

சின்னவள் திரும்பி வந்தபோது பெரியவள் கரையின் மூன்றாவது பக்கத்தை ஒட்டிக்கொண்டிருந்தாள். தரையெல்லாம் மரச்சுருள். ஒரு சுருளைக் கையில் எடுத்து விரித்தாள். அதன் முதுகில் அவள் இழுத்த உருண்டை அப்படியே இருந்தது.

"என்னக்கா இது?"

"பிஞ்சு போச்சுல்ல. அதான்."

"பிஞ்சது நகத்தளவு. நீ சீவுனது நாலு பக்கம்."

"டாக்டர் வந்து பார்த்தா என்ன சொல்லுவார்?"

"நான் வந்து பார்த்தா என்ன சொல்லுவேன்னு தோணலையா உனக்கு?"

பெரியவள் குரலை உயர்த்தினாள். நீ இல்லாவிட்டால் மேசைக்குக் கால் முளைக்காதா என்றாள். சின்னவள் உள்ளே போய் ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு வந்தாள். சுரண்டியை எடுத்துக்கொள்ளவில்லை. அதைப் பெரியவளின் பக்கத்தில் டக்கென்று வைத்துவிட்டு, "அடுத்தவ வேலையச் சுரண்ட உனக்குத்தான் இது உதவும்" என்று சொல்லி வாசலில் இறங்கினாள். பெரியவள் எழுந்து வாசல் வரைக்கும் போனாள். கூப்பிடத்தான் போனாள். ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது, "போறவ திரும்பி வராத" என்பதுதான்.

பதிப்பு வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கரை ஒட்ட உட்கார்ந்தால் நாலாவது மூலையை மூடாமல் எழுந்திருக்கக் கூடாது. இதில் சாமியும் இல்லை, சகுனமும் இல்லை. வஜ்ஜிரம் சூடாக இருக்கும்போதே நாலு கோடும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பெரியவள் திரும்பி வந்தபோது கிண்ணத்தில் பசை ஆறி, ஆடை கட்டியிருந்தது. நாலாவது கோட்டை ஒட்டினாள், ஆனால் கடைசி மூலை சேரவில்லை. ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கையைக் கழுவினாள். காலையில் பார்த்தபோது கோடு அந்த இடைவெளி வழியாக வெளியே போயிருந்தது.

முதலில் வெட்டிப் பார்த்தார்கள். வெட்டிய இடத்தில் மத்தியானத்துக்குள் கூடிவிட்டது. அப்பா அதன் முன்னால் ஒரு கருங்கல்லைப் போட்டார். கல்லில் பதிந்து ஏறி இறங்கிப் போனது. யாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது நகராது, கண்ணை எடுத்தால் நகர்ந்திருக்கும். சாலையைக் கடந்தது, பாலத்தில் ஏறியது, ரயில் பாதையை ஒட்டிப் போனது. நகராட்சியிலிருந்து ஆள் வந்து, அனுமதி வாங்காமல் சாலையில் மரவேலை செய்ததற்கு விளக்கம் கேட்டான். அப்பா பெரியவளைக் கைகாட்டினார். வந்தவன் குனிந்து கோட்டைத் தடவிவிட்டு, அப்பாவின் கையைக் குலுக்கிவிட்டுப் போனான். ஜனங்கள் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தார்கள், மூன்றாம் நாளிலிருந்து தாண்டிப் போனார்கள். ரேஷன் கடையில் வரிசை நிற்க அது வசதியாக இருந்தது. பல் டாக்டர் வந்து, மேசையைத் தூக்கினால் தெருவும் சேர்ந்து வரும் என்பதைப் புரிந்துகொண்டு, கண்ணாடி மேசை ஒன்று வாங்கிக்கொண்டார்.

அது எங்கே போகிறது என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. "அவளைத் தேடித்தான் போகுது" என்றாள் அம்மா. பெரியவள் ஒரு பையில் மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு கோட்டைப் பிடித்தபடியே நடந்தாள். பாலம் தாண்டினாள், ரயில் பாதை தாண்டினாள், ஒரு மாவு மில்லைச் சுற்றித் திரும்பினாள். திரும்பிய இடத்தில் பட்டறையின் பின்வாசல் இருந்தது. மறுபடி போனாள், மறுபடி பின்வாசல். கரை என்று பதித்தது கரை மாதிரிதானே நடந்துகொள்ளும், சுற்றிக்கொண்டு வந்து சேரத்தான் செய்யும். பஸ் ஏறி அடுத்த ஊரில் இறங்கிப் பார்த்தாள். அங்கே கோடே இல்லை. அதைத் தேடாதவர்கள் கண்ணில்தான் அது பட்டது. சாமான் ஏற்றுகிற லாரி டிரைவர் வரும்போதெல்லாம் சேதி சொல்வார்: மலைப்பாதை ஏறிவிட்டது, ஆற்றைக் கடந்துவிட்டது. பிள்ளை எந்த வகுப்பு போயிருக்கிறது என்று சொல்வது மாதிரி சொல்வார். இவர்கள் தலையாட்டுவார்கள்.

இவ்வளவு நீளத்துக்கு மரம் எங்கிருந்து வருகிறது என்று வெகுநாள் யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் கரண்டியின் பிடி ஈர்க்குச்சி மாதிரி ஆகிவிட்டதைப் பெரியவள் கவனித்தாள். பிறகு ஜன்னல் சட்டம், பிறகு கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பவரின் நிழல் தெரிகிற அளவுக்கு மெலிந்தது. நாற்காலிகளில் அப்பா மெதுவாகக் குந்தி உட்காரப் பழகினார். வெள்ளை மரம் தீர்ந்ததும் கறுத்த மரம் வெளுத்து அதற்குள் போனது. கோடு வீட்டைத் தின்றுகொண்டுதான் போய்க்கொண்டிருந்தது. அம்மாவின் கட்டிலுக்கு மேலே ஓடிய விட்டம் கைத்தடி கனத்துக்கு வந்தபோது அப்பா முதல் முறையாகக் கத்தினார்.

"மூலையை மூடித் தொலை! யாரை மேல அனுப்பப் பார்க்கறே, உங்கம்மாவையா?"

"மூடாதடி" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "போய்ச் சேரட்டும். இடிஞ்சா என் தலைமேலதானே இடியும்? நான் படுத்துத்தானே கெடக்கேன், தனியா விழ வேண்டிய வேலைகூட இல்ல."

வீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பேசிவிட்டு, முடிவை மட்டும் பெரியவளின் மடியில் போட்டார்கள். கட்டிலை வேறு அறைக்கு நகர்த்தலாமே என்றால், தூக்கினால் கட்டில் கால் நான்கும் அப்பளமாக நொறுங்கும். பெரியவள் தினமும் விடிந்ததும் விட்டத்தை அளந்தாள், டிரைவரிடம் தூரத்தைக் கேட்டாள். இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சாப்பாடு ஊட்டும்போது அம்மாவின் சோற்றில் மரத்தூள் விழுந்தது. அம்மா அதை விரலால் ஒதுக்கிவிட்டு வாயைத் திறந்தாள். அதைத்தான் பெரியவளால் தாங்க முடியவில்லை.

மூலைக்குக் கட்டைவிரல் அளவு வெள்ளை மரம் வேண்டும். வீட்டில் இருந்ததெல்லாம் நூலாகிவிட்டிருந்தது. கோடு தொடாமல் விட்டிருந்த ஒரே மரம் சின்னவளின் சுரண்டிப் பிடி. அதிலிருந்து ஒரு துண்டை அறுத்தாள். வஜ்ஜிரத்தைக் காய்ச்சினாள். மூலை வெட்டுக்கு இரண்டு முனையையும் சரிவாகச் சீவி, வைத்துப் பார்த்து, மறுபடி சீவி, பசை தடவி இறக்கினாள். கை நடுங்கவே இல்லை. அது நடுங்கியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். விட்டம் ஒரு முறை முனகியது. அதற்குப் பிறகு வீட்டில் எதுவும் மெலியவில்லை.

டிரைவர் வெகுநாள் கழித்து வந்தார். தூரத்தில் ஒரு ஊர், மஞ்சள் சுவர் வைத்த வீடு, வாசலிலேயே பெஞ்சு போட்டு ஒரு பெண் நாற்காலிகளுக்கு பீடிங் இழுக்கிறாள் என்றார். கோடு அவள் தெருவுக்குள் வந்ததிலிருந்து தினம் எழுந்து அதற்கு முன்னால் பெருக்கி வைப்பாளாம். வழியில் நின்ற தண்ணீர் டிரம்மைத் தள்ளி வைத்தாளாம். கதவைச் சாத்தவே இல்லையாம், திருடன் வருவான் என்று அக்கம்பக்கத்தார் திட்டியும். வாசற்படிக்கு ஒரு சாண் இருக்கும்போது கோடு நின்றுவிட்டதாம்.

"அப்புறம்?" என்றாள் பெரியவள்.

"அப்புறம் என்ன. அந்தப் பொண்ணு கொஞ்ச நாள் பார்த்துச்சு. யாரோ மூலையை மூடிட்டாங்கன்னு சொல்லிச்சு. கதவைச் சாத்திடுச்சு."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

டிரைவர் யோசித்தார். "சொல்லிச்சு. சுத்தமா மூடியிருக்கான்னு கேட்டுச்சு."

பெரியவள் அப்படியே உளியை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனாள். விட்டம் விழுந்தால் விழட்டும், ஒரு சாண்தானே, ஒரு சாணுக்கு என்ன மரம் போய்விடும். மூலையைத் திறக்க இணைப்பு எங்கே என்று தெரிய வேண்டும். உளிமுனையை வைத்துத் தடவினாள். தடுக்கவில்லை. கத்தி நுனியால் தேடினாள், தண்ணீர் தடவிப் பார்த்தாள், வெயில் சாய்ந்து விழும்போது கன்னத்தை மேசையில் ஒட்டிப் பார்த்தாள். துண்டு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. அவள் வாழ்நாளில் மூடிய மூலைகளிலேயே ஆகச் சுத்தமான மூலை அது. குத்துமதிப்பாக ஒரு இடத்தில் கொட்டாப்புளியால் ஓங்கி அடித்தாள். உளி ஒடிந்தது. டிரைவரோடு லாரியில் ஏறிப் போனாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை அந்த ஆளுக்குத் தெரு மறந்துபோயிற்று, மஞ்சள் சுவரும் மறந்துபோயிற்று. மன்னிப்பு கேட்கிற முகத்தோடு அவளைப் பின்வாசலிலேயே இறக்கிவிட்டார்.

மேசையை யாரும் வாங்கவில்லை, பட்டறையின் நடுவிலேயே நிற்கிறது. கரண்டிகள் மெலிந்த அளவிலேயே நின்றுவிட்டன, அப்பா குந்தியே உட்காருகிறார், அம்மா இரண்டு சத்தம் கேட்காமல் தூங்கப் பழகிவிட்டாள். ஊர்களுக்குக் குறுக்கே கோடு கிடக்கிறது, பிள்ளைகள் அதன்மேல் கால் பிசகாமல் நடந்து பந்தயம் வைக்கிறார்கள். தினமும் காலையில், பெரியவள் வேலைக்கு உட்காருகிற நேரத்தில், மேசையின் அந்த மூலை லேசாக அதிரும், அதன்மேல் வைத்த டம்ளரில் டீ வட்டம் போடும். "வாசல் பெருக்குறா" என்று உள்ளேயிருந்து அம்மா சொல்வாள். "ம்" என்று பெரியவள் டம்ளரை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, அதிர்வு நிற்கிறவரை மூலையில் கையை வைத்திருப்பாள். பிறகு உளியை எடுப்பாள்.