மூன்றாவது தூண்

கார் பின்னால் நகரத் தொடங்கியபோது அந்த அமைதி அவளுக்குப் பிடித்திருந்தது. பிற்பாடு அவளால் தாங்க முடியாமல் போனது அதைத்தான். காலை ஐந்தரை மணி. அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் வண்டிகள் நிறுத்துமிடம். வழவழவென்று பெயின்ட் அடித்த தரை. டயாலிசிஸுக்குப் போகும் நோயாளிகளை வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு அழைத்துப் போவது அவள் வேலை. வண்டி கம்பெனியுடையது, பேட்டரியில் ஓடுவது. மெதுவாகப் போகும்போது அதன் முன்பக்கத்துக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் ‘ஊம்ம்ம்’ என்று முனகும். நடக்கிறவர்கள் விலகிக்கொள்ள வைத்த சத்தம். அன்று அது இல்லை. பிள்ளை அழாமல் தூங்கும் வீடு மாதிரி இருந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தாள். ‘தட்’ என்றது. பிறகு ஒரு கைத்தடி தரையில் உருண்டு போனது.

விழுந்து கிடந்தவர் ரேடியோ அண்ணன். இரண்டாவது மாடிக்காரர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். மருத்துவமனையில் டெலிபோன் ஆப்பரேட்டர். கட்டடத்தில் யார் வீட்டுச் செய்தியும் அவரிடம்தான் முதலில் வந்து சேரும் என்பதால் அந்தப் பெயர். அவருக்கும் அவளுக்கும் ஆறு மாதமாக ஒரு பழக்கம். அவர் பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரமும் அவள் வண்டி எடுக்கிற நேரமும் ஒன்று. முனகல் கேட்டதும் அவர் மூன்றாவது தூணருகே நின்று கையைத் தூக்குவார். “போ தங்கச்சி, உன் மாடு கத்துது” என்பார். அவள் சிரித்துக்கொண்டே போவாள். அந்தத் தூண் மறைக்கிற பக்கத்தைப் பார்த்து ஓட்டவேண்டிய அவசியமே அவளுக்கு வந்ததில்லை. அவர்தான் நிற்பாரே.

முதல் மாடியில் இருந்த சங்கச் செயலாளர் அந்தச் சத்தத்தைப் பற்றி நாலு தடவை புகார் சொன்னார். “பேய் ஊளையிடற மாதிரி இருக்கும்மா. விடியக்காலைல தூக்கிவாரிப் போடுது.” அவள் புருஷன் வாஷிங் மெஷின் ரிப்பேர்காரன். “இதுக்குப் போயி அந்த மனுஷன்கிட்ட பேச்சு வாங்கணுமா?” என்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கீழே போய், பம்பருக்கடியில் கையை விட்டு ஸ்பீக்கருக்குப் போகும் சாக்கெட்டைப் பிடுங்கிவிட்டு, செயலாளரிடமும் சொல்லிவிட்டு வந்தான். ரெண்டு நிமிஷ வேலை. மறுநாள் காலையில்தான் அந்த ‘தட்’.

ரேடியோ அண்ணனுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் அவள் அழுதாள். அடிபட்டவர் அவளைத் தேற்றிக்கொண்டு வந்தார். “நீ எதுக்கு அழற? வண்டி வந்திருக்கு, எனக்குக் கேக்கல. என் தப்பு தங்கச்சி.” அவள் வாயைத் திறந்தாள். சிக்னல் விழுந்தது. மூடிக்கொண்டாள்.

“அவரே என் தப்புன்னு சொல்றாரு, நீ ஏன் குழப்பற?” என்றான் புருஷன். “சாக்கெட்டப் பிடுங்கினோம்னு கம்பெனிக்குத் தெரிஞ்சா நாளைக்கே வண்டியத் திருப்பி எடுத்துக்குவாங்க. இப்ப மாட்டினா நாமளே காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும்.”

வண்டி ஊமையாகவே இருந்தது. அடித்தளத்தில் ஹார்ன் அடிக்கக்கூடாது என்று பலகை வேறு. அவள் கண்ணாடியை இறக்கிவிட்டு, “வண்டி வருது, வண்டி வருது” என்று கூவிக்கொண்டே ஊர்ந்தாள். “சத்தம் நின்னுது, நிம்மதின்னு பாத்தா இப்ப நீங்க கூவறீங்களேம்மா” என்றார் செயலாளர்.

மூன்று வாரம் கழித்து அவள் ரேடியோ அண்ணனைப் பார்க்கப் போனபோது, அவர் சமையலறைக் குழாயைச் சொட்டவிட்டு, ஒவ்வொரு அடியாகப் பின்னால் போய் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சுவரில் முதுகு இடித்ததும் நின்றார்.

“காது டாக்டர் என்னண்ணே சொன்னாரு?”

“எல்லாம் சரியா இருக்குங்கறார். மெஷின் சொல்லுதாம். மெஷினா பஸ் ஏறப் போகுது?” கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கைத்தடி கதவுக்குப் பின்னால் இருந்தது. டாக்டரைப் பார்க்கப் போனதைத் தவிர, அடிபட்ட அன்றிலிருந்து அவர் கீழே இறங்கவே இல்லை. “கண்ணு இல்லேன்னு நான் ஒரு நாளும் அழுததில்ல தங்கச்சி. இருந்து போயிருந்தால்ல அழறதுக்கு? காது அப்படி இல்ல. வேலைய விட்டுடறேன்னு லெட்டர் எழுத வச்சிட்டேன். திங்கக்கிழமை குடுக்கணும்.”

அவள் எழுந்து போய், சொட்டிக்கொண்டிருந்த குழாயை மூடினாள்.

“அதுக்கு முன்னாடி ஒரு உபகாரம் பண்ணு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. என்னைத் தூண்கிட்ட நிக்க வச்சுட்டு வண்டிய எடு. எவ்வளவு தூரத்துல கேக்குதுன்னு பாத்துடறேன். வேற யார்கிட்டயும் கேக்க முடியாது, சிரிப்பாங்க.”

அன்று சாயங்காலம் அவளே பம்பருக்கடியில் படுத்து, தடவித் தடவி, சாக்கெட்டை மாட்டினாள். ‘டிக்’ என்றது. புருஷன் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றான். “யோசிச்சுதான் பண்றியா?”

“அவருக்குக் காது திரும்பக் கிடைக்கட்டும். கேட்டுட்டா அந்தச் சந்தோஷத்துல வேற எதுவும் கேக்கமாட்டாரு.” சொன்னபோது அது நடக்கும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

ஞாயிறு மத்தியானம் மூன்று மணி. கட்டடமே தூங்கிக்கொண்டிருந்தது. அவர் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்திருந்தார், பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி. தூணருகே விட்டதும் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவள் கடைசி மூலைக்குப் போய் வண்டியை எடுத்தாள். சக்கரம் முழுதாக ஒரு சுற்றுச் சுற்றியிருக்காது.

ஊம்ம்ம்.

கண்ணாடியில் அவர் முகம் நிமிர்வது தெரிந்தது. கட்டுப் போட்ட கை மேலே போயிற்று. “கேக்குது! தங்கச்சி, கேக்குது! அந்த மூலைலேர்ந்தே கேக்குது!” சிரிப்பு தாங்காமல் காலை மாற்றி மாற்றி வைத்தார். “போ, உன் மாடு கத்துது!” அவளும் சிரித்தாள், மூன்று வாரத்தில் முதல் தடவை.

மாடிப்படியிலிருந்து செயலாளரின் குரல் இறங்கி வந்தது. “என்னம்மா, மறுபடியும் ஆரம்பிச்சாச்சா? அதைப் பிடுங்கிப் போட்டு ஒரு மாசமா நல்லாத்தானே இருந்துது!”

மேலே கதவு மூடிக்கொண்டது. அவள் பிரேக்கை மிதித்தாள். கியரைப் பார்க்கிங்கில் போட்டதும் முனகல் அடங்கியது. ரேடியோ அண்ணனின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, எடுத்து வைக்க மறந்த பாத்திரம் போல. தலையை மட்டும் லேசாகச் சாய்த்தார், சொட்டும் குழாயைக் கேட்டபோது சாய்த்த மாதிரியே.

“தங்கச்சி?”

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். செருப்புச் சத்தம் அவரை நோக்கி ஒவ்வொன்றாகப் போயிற்று. வண்டியைப் போகச் சொல்லித் தூக்கிய, வெள்ளைக் கட்டுப் போட்ட கை இன்னும் இறங்கவில்லை.