கழுவாத சுவர்

கமலக்கண்ணன் சாரை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. என் ஆராய்ச்சிக்கு அவர்தான் வழிகாட்டி என்பது எங்கள் இருவரின் தலையெழுத்து.

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் எங்கள் கல்லூரி. அதன் பின்பக்க ஷெட்டில் ஒரு சின்ன டோகாமாக் இருந்தது. பெரிய எஃகு உளுந்துவடை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, துளி ஹைட்ரஜனை விட்டு, சூடேற்றிப் பிளாஸ்மாவாக்கி, சுவரில் படாமல் காந்தத்தால் பிடித்து வைப்போம். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் கூத்து அது. ஒவ்வொரு கூத்தும் ஒரு ஷாட். அதற்குள் சூடு எவ்வளவு நேரம் வெளியே ஓடாமல் நிற்கிறது என்பதைத்தான் அளப்போம்.

என் கேள்வி ஒன்றே ஒன்று. ஹைட்ரஜனுக்குப் பதில், இரண்டு மடங்கு எடையுள்ள அதன் அண்ணன் டியூட்டிரியத்தை விட்டால் சூடு கூடுதல் நேரம் நிற்குமா, குறைவாக நிற்குமா? குறைவு என்றது சாரின் கணக்கு. கனத்த அணு அகலமாக வட்டமடிக்கும், சீக்கிரம் ஓரத்துக்கு வரும், சூடும் அதோடு போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் அளவுகளில் டியூட்டிரியம்தான் சூட்டை அதிக நேரம் பிடித்து வைத்தது. வெளிநாட்டுப் பெரிய இயந்திரங்களிலும் அப்படித்தான். ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. சாருக்கு மட்டும் தெரியும்: ஜெயப்ரியாவுக்கு, அதாவது எனக்கு, அளக்கத் தெரியவில்லை.

2006இல் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் டியூட்டிரியம் ஓட்டி முடித்தோம். ஆரம்பத்தில் எடுத்த ஹைட்ரஜன் அளவைச் சரிபார்க்க மறுபடி ஹைட்ரஜனுக்கு மாற வேண்டுமானால் முதலில் சுவரைக் கழுவ வேண்டும். தண்ணீரால் அல்ல. உள்ளே இருக்கும் கிராஃபைட் தகடுகள் டியூட்டிரியத்தைக் குடித்து வைத்திருக்கும். ஹைட்ரஜன் ஷாட்டுகளை ஓட்டி ஓட்டி அதைக் கக்க வைக்க வேண்டும். அந்த ஷாட்டுகளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

விஜயதசமியன்று இயந்திரத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்துக் காத்திருந்தோம். சானமாவுக் காட்டில் யானைகள் சாலையை மறித்து நின்றதால் சாரின் கார் மாட்டிக்கொண்டது. அவர் வந்து இறங்கியபோது நல்ல நேரம் முடியும் தறுவாயில் இருந்தது.

"சார், மொதல்ல செவுத்தக் கழுவிடலாங்க" என்றேன்.

"பூசை போட்ட கையோட முதல் ஷாட்டே கழுவுற ஷாட்டா? வெளங்குமா?" என்றார் சார், தன் திருநெல்வேலிக் குரலில். "சுபாஷ், நீ அசல் ஷாட்டே போடு. நேரம் போகுது."

சுபாஷும் ஆராய்ச்சி மாணவன்தான். சார் தும்மினால் கைக்குட்டை நீட்டுகிற ரகம். போட்டான். ஹைட்ரஜன் ஷாட்டில் ஏறக்குறைய டியூட்டிரியம் அளவுக்குச் சூடு நின்றது. தீபாவளிக்கு முன்பே சாரின் முகத்தில் மத்தாப்பு.

"எடைக்கும் சூட்டுக்கும் சம்பந்தமே இல்லம்மா. ஆரம்பத்துல நீ எடுத்த ஹைட்ரஜன் அளவெல்லாம் தப்பு. வியாழக்கிழமை கமிட்டியில சொல்லத்தான் போறேன். உன் பிஎச்.டி. பதிவ ரத்து பண்ணிருவாங்க. நீ வேற வேல பாரு."

குறையும் என்ற அவருடைய சொந்தக் கணக்கு என்ன ஆனது என்று கேட்க அங்கே ஆள் இல்லை. என் நாலு வருட உழைப்பு மட்டும் வியாழக்கிழமை சாகப்போகிறது. சாமல்பட்டியில் என் வீட்டார் மாப்பிள்ளையோடு தயாராக இருந்தார்கள்.

"சார், என் ஹைட்ரஜன் ஷாட்டெல்லாம் டியூட்டிரியம் சிலிண்டர் இந்த ஷெட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே எடுத்ததுங்க. அப்ப செவுரு சுத்தம். கருவாடு வறுத்த சட்டியக் கழுவாம பால் காய்ச்சிட்டு, பால் இப்பிடித்தான் நாறும்னு சொல்லுவீங்களா?"

"வாய அடக்கு. யார்ட்ட பேசுதேன்னு தெரியுதா?"

தெரிந்துதான் பேசினேன். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியை இயந்திரத்தின் கண்ணாடி ஜன்னலுக்கு நேராகத் திருப்பினேன். இரண்டு வாயுவும் சிவப்பாகத்தான் ஒளிரும். ஆனால் அந்தச் சிவப்பில் ஒரு மயிரிழை வித்தியாசம் உண்டு. சுத்தமான ஹைட்ரஜன் என்றால் திரையில் ஒரே கோடு வர வேண்டும்.

"இன்னொரு ஷாட் போடு சுபாஷ்."

அவன் சாரைப் பார்த்தான். பூஜைக்கு வந்த ஆசிரியர்கள் கையில் சுண்டலோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் சாரால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

திரையில் இரண்டு கோடுகள் எழுந்தன. டியூட்டிரியத்தின் கோடுதான் உயரம்.

"சுவர் கக்குது" என்றார் ஒருவர், சுண்டலை மென்றபடி.

நான் நிறுத்தவில்லை. சாயங்காலம் வரை சுபாஷை ஓட்ட வைத்தேன். ஷாட்டுக்கு ஷாட் டியூட்டிரியம் கோடு குட்டையானது. சூடு நிற்கும் நேரமும் கூடவே குறைந்தது. கடைசியில் அந்தக் கோடு இருந்த இடமே தெரியாமல் போனபோது, சூடு நிற்கும் நேரம் என் பழைய ஹைட்ரஜன் அளவில் வந்து உட்கார்ந்தது. அதுவரை என்னிடம் இரண்டு முனைகள் மட்டுமே இருந்தன: முழு ஹைட்ரஜன், முழு டியூட்டிரியம். நடுவில் இருந்ததையெல்லாம் சாரின் நல்ல நேரம் எனக்குக் கொடுத்துவிட்டது. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

எல்லா அளவுகளையும் ஒரே வரைபடமாக்கி நீட்டினேன். சார் வாங்கிப் பார்த்தார்.

"இந்த ஷாட் எல்லாம் என் உத்தரவுல ஓட்டுனது. கட்டுரையில என் பேருதான் முதல்ல வரணும்."

"தாராளமா போடறன் சார்" என்றேன். "செவுத்தக் கழுவாம ஓட்டச் சொன்னது நீங்கதான்னு எழுதறன். எதுக்குச் சொன்னீங்கன்னும் எழுதறன். நல்ல நேரம், யானை, ஒண்ணையும் விட மாட்டன்."

சுண்டல்காரர்கள் சிரித்தார்கள். சார் கார் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை கமிட்டியில் அவர் ரத்துப் பேச்சையே எடுக்கவில்லை. என் பதிவு பிழைத்தது. கட்டுரை அச்சுக்குப் போகும்முன், முறைப்படி, அவர் பெயரை எங்கே போடட்டும் என்று கேட்டேன். எங்கேயும் வேண்டாம் என்று சுபாஷிடம் சொல்லி அனுப்பினார்.